போதாத காற்று

வெயில் காலம் வந்துவிட்டால் அந்தத் தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். திறக்காத வீட்டை மீட்டர்காரி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். "தூசி வருதேம்மா" என்று யாராவது இழுத்தால், "தூசின்னா துடைச்சுக்கலாம். வெடிச்சா உங்களையும் சேர்த்துல்ல துடைக்கணும்" என்பாள். அதற்குமேல் யாரும் வாயைத் திறப்பதில்லை, ஜன்னலைத்தான் திறப்பார்கள்.

தெருவுக்குக் கீழே சுரங்கம். வேலை நின்று பல வருடம் ஆகிறது. நிலக்கரியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மூடியிருப்பார்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைப்பது உண்டு. அப்படி எந்தச் சுரங்கத்தையும் யாரும் காலி செய்வதில்லை. மேலே இருக்கிற மலை உட்கார்ந்துவிடாமல் இருக்க விட்டுவைத்த கரித் தூண்கள், தோண்டினால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று விட்டுப்போன ஓரங்கள் என்று உள்ளே இன்னும் ஏகப்பட்டது நிற்கிறது. அந்தக் கரியில் வாயு இருக்கிறது. நிறம் இல்லை, வாடை இல்லை, நடுவீட்டில் வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. அதனால் தெருவில் ஒருவர் வீட்டிலும் நெருப்பு அடுப்பு கிடையாது, மின்சார அடுப்புதான். அதனால்தான் மீட்டர்காரியும்.

அவளுக்குக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. கழுத்தில் ஒரு மஞ்சள் பெட்டி தொங்கும், பெட்டியிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று நீளும். வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் துவாரம், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இருட்டு, தரையில் விட்டிருக்கிற விரிசல் என்று ஒவ்வொன்றிலும் குழாயை நுழைத்து, பெட்டியில் எண் நிலைக்கிறவரை குத்துக்காலிட்டுக் காத்திருப்பாள். பெரும்பாலும் ஒன்று, இரண்டு. பத்தைத் தொட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. பத்தை அந்தத் தெரு இதுவரை பார்த்ததில்லை.

அவள் வீடும் அதே தெருவில்தான், மலையை ஒட்டின கடைசி வீடு. புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். ஆகவே வீடு என்பது அவளும் மாமனாரும் மாமியாரும்தான். மூவரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

மாமனாரை ஊரே ஃபேன்காரர் என்றுதான் கூப்பிடும். சுரங்கத்தின் பெரிய ஃபேனை ஓட்டினவர். ஃபேன் என்றால் உத்தரத்தில் தொங்குகிற சமாச்சாரம் இல்லை. ஒரு வீட்டு உயரத்துக்கு நிற்கும். ஒரு பக்கம் வாயு கலந்த காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், மறுபக்கம் நல்ல காற்று தானாக உள்ளே இறங்கும். அது நின்றால் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் மூச்சு நிற்கும். அவர் இருந்தவரை ஒரு நாளும் நின்றதில்லை. சுரங்கத்தை மூடினபோது கடைசியாக விசையை இறக்கினவரும் அவர்தான். அன்று பெரியவர்கள் எல்லாம் பேசினார்கள், கூட்டம் கைதட்டியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

மாமியாருக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, சில வருடங்களுக்கு முன்பு முழுவதும் அணைந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவள் நடக்கிறதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நிலைப்படி மரத்தில் புடைத்த ஒரு முடிச்சு, அடுப்படிக்கு முன்னால் உடைந்த ஓடு, சொட்டுகிற குழாயின் சத்தம் என்று வீடே அவளுக்கு வழி சொல்லும். வெங்காயம் நறுக்குவாள், பருப்பு வேகவைப்பாள், துணி மடிப்பாள். மின்சார அடுப்பின்மேல் மட்டும் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

"பழைய அடுப்புன்னா எரியுதா இல்லையான்னு காதுக்குத் தெரியும். இது ஊமை அடுப்பு. திட்டினாக்கூடப் பதில் சொல்லாது."

"நான் சொல்றேனா?" என்றார் ஃபேன்காரர்.

"நீங்களும் அந்தக் கம்பெனிதான்."

அவர் அதிகம் பேசாதவர். இரைச்சலுக்கு நடுவில் வேலை பார்த்தவர்களுக்குப் பேச்சு குறைந்துவிடும். கை ஜாடையே போதும் என்று ஆகிவிடும். கண் தெரியாத மனைவிக்கு முன்னாலும் அவர் கையைத்தான் ஆட்டிக்கொண்டிருப்பார். மருமகள் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

அந்தக் கோடையில் அவர் மத்தியானம் சாப்பிட்டதும் வெளியே போக ஆரம்பித்திருந்தார். மலைக்குப் பின்னால் பழைய பம்பு கொட்டகையில் நாலு பேர் சீட்டு ஆடுகிறோம் என்றார். மாமியாருக்கு அதில் ஏக சந்தோஷம்.

"வீட்டுல முகட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த மனுஷன், நாலு பேரோட சிரிச்சுப் பேசிட்டு வரட்டுமே. தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன" என்றாள்.

ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, பெட்டியில் எண் ஏறும்வரை.

முதலில் மூன்று. அடுத்த வாரம் நான்கு. மீட்டர்காரி பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வேறு பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்லின. மலையடிவாரத்து வீடுகளில் அதிகம், தெருமுனைக்குப் போகப்போகக் குறைவு. எல்லாவற்றிலும் அதிகம் அவள் வீட்டு மாடிப்படிக்கு அடியில்.

அன்று அவள் வாசலில் கால் வைப்பதற்குள் மாமனார் கேட்டுவிட்டார். "பெட்டி என்ன சொல்லுது?"

"அவளை முதல்ல தண்ணி குடிக்க விடுங்க. பெட்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆறு, மாமா."

அவர் முகம் சுருங்கியது. "நேத்து அஞ்சுதானே?"

"ஏறிக்கிட்டேதான் போகுது. பத்தாச்சுன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. "யாரை?"

"இந்தப் பக்கத்து வீடுகளை, அத்தை. நம்மளையும்."

"எங்க போறது?"

"பெரிய ரோட்டு மேல குடியிருப்பு இருக்குல்ல, அங்க இடம் தருவாங்க."

மாமியார் பாதி உரித்த கிழங்கைக் கீழே வைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள். "இங்க எனக்குக் கண்ணு தெரியுதும்மா. அங்க போனா நான் குருடி."

அப்படி ஒரு வார்த்தையை அவள் தன்னைப் பற்றி அதுவரை சொன்னதே இல்லை. மாமனார் எழுந்து கொல்லைக்குப் போய், மலையைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து, "காத்து போதல. அதான். காத்து இருந்தா வாயு நிக்காது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், காலையிலேயே ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சீட்டு விளையாடக் கிளம்பிவிட்டார்.

கண்காணிப்பு அலுவலகம் என்பது சுரங்கத்தின் பழைய சம்பள அறைதான். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால், முன்பு பணம் எண்ணின இடத்தில் இப்போது சூப்பர்வைசர் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். நல்ல மனுஷன். ஆனால் எதையும் மூன்று தடவை சொல்லுவார்.

"வெளிய காத்தழுத்தம் குறைஞ்சா சுரங்கம் மூச்சு விடும், வாயு மேல வரும். அது தெரிஞ்ச விஷயம். சரியா? ஆனா அழுத்தம் அப்படியேதான் இருக்கு. அப்படியேதான் இருக்கும்மா. அப்புறம் எதுக்கு ஏறுது?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். தெருமுனையில் பூமிக்குள் ஆழமாக இறக்கியிருக்கிற மெல்லிய குழாயின் அடியில் ஒரு வெப்பமானி இருக்கிறது. அதில் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது.

"வாயு கரிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இல்ல. ஒட்டிக்கிட்டு இருக்கு. கரி குளிர்ச்சியா இருக்கிறவரைக்கும் அந்தப் பிடி இறுக்கமா இருக்கும். சூடு ஏற ஏறப் பிடி தளரும், வாயு கழண்டுக்கும். நாலு டிகிரி ஏறினாக்கூடப் போதும். நாலே டிகிரி."

"மூடின சுரங்கம் எதுக்கு சார் சூடாகுது? உள்ள யாரு இருக்கா?"

"யாரும் வேண்டாம். எங்கயோ ஓட்டை விழுந்து காத்து உள்ள போகுதுன்னு நினைக்கிறேன். கரிமேல காத்து பட்டுக்கிட்டே இருந்தா அது தானா சூடாகும். முத்திப்போனா பத்திக்கும். நீ போய் அடைச்ச வாயெல்லாம் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடு. எல்லா வாயும்."

வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய குழியின் மூடி, பாறை லாரிகள் போன பாதை, தெற்கு வாசல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் அடைத்தது அடைத்தபடி, விரிசலில் செடி முளைத்துக்கிடந்தது. கடைசியாக மலைக்குப் பின்னால் இருக்கிற சாய்வுச் சுரங்கம். முன்பு ஃபேன் கெட்ட காற்றை வெளியே தள்ளின வழி. செங்கல் வைத்து அடைத்து, நடுவில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு இரும்புக் கதவு மட்டும் விட்டிருந்தார்கள்.

வளைவு திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தேனீக் கூட்டம் போல் ஒரு ரீங்காரம்.

கதவு திறந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு பலகை. பலகைமேல், மூடிப்போன ரொட்டிக்கடை ஒன்றின் அடுப்புக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த பழைய ஃபேன். தகர டின்னை வெட்டி வளைத்துக் குழாயாக்கி, ஃபேனின் வாயைச் சுரங்கத்தின் வாயோடு சேர்த்து, இடுக்கில் எல்லாம் சாக்கு அடைத்து, அத்தனை அழகாகப் பொருத்தியிருந்தது. பம்பு கொட்டகையிலிருந்து ஒரு ஒயர் வந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஃபேன்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நாலு பேரும் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை.

"மாமா!"

அவர் பதறவில்லை. திருட்டுத்தனம் பிடிபட்டவர் மாதிரியே இல்லை. இவ்வளவு நாள் யாரிடமும் காட்ட முடியாமல் கிடந்ததைக் காட்ட ஆள் கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

"வந்துட்டியா? பார்த்தியா எப்படி ஓடுதுன்னு? ஒரு உதறல் இருக்கா சொல்லு."

"இது எப்போலேருந்து?"

"வெயில் ஆரம்பிச்சதுலேருந்து. அவங்க பாட்டுக்கு எல்லாத்தையும் அடைச்சுட்டுப் போயிட்டாங்க. உள்ள இருக்கிற வாயு எங்கம்மா போகும்? நம்ம வீட்டுக்குத்தானே வரும்? உங்க அத்தைக்குக் கண்ணும் இல்ல, அந்த வாயுவுக்கு வாடையும் இல்ல. நான் கைய கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அதான் காத்து போடறேன். முதல்ல மத்தியானம் மட்டும் ஓட்டினேன். நீ எண்ணு ஏறுதுன்னு சொன்னதும் சாயங்காலம் வரைக்கும் ஓட்டினேன். இப்ப நாள் பூரா."

வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சை அவர் ஒரே மூச்சில் பேசிவிட்டார். மீட்டர்காரி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எண் ஏற ஏற இவர் ஓட்ட, இவர் ஓட்ட ஓட்ட எண் ஏற, அவள்தான் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து எண்ணைச் சொல்லி அவரை விரட்டியிருக்கிறாள்.

"மாமா, இதாலதான் ஏறுது."

"எதால?"

"இந்த ஃபேனால."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்தால கெடுதல் வருமா? என்கிட்டயா சொல்ற? எத்தனை பேரை இந்தக் காத்து காப்பாத்தியிருக்கு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா. உள்ள கையை வச்சுப் பாருங்க."

"வெயில்காலத்துக் காத்து. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்."

"காலைல வெயில் இல்லையே. அப்பவும் தெருமுனைக் குழாய்ல சூடு இறங்கல. ஃபேனை நகர்த்திட்டுக் கையை வைங்க. எனக்காக ஒரு தடவை."

முனகிக்கொண்டே தகரக் குழாயை விலக்கினார். தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கரிச்சுவரைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. பிறகு குனிந்து தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தார். ஒரு தடவை இழுத்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"வேர்க்குது" என்றார். "சுவரு வேர்க்குது. மண்ணெண்ணெய் மாதிரி லேசா ஒரு வாடை."

"அப்படின்னா?"

"கரி உள்ளுக்குள்ள புழுங்குதுன்னு அர்த்தம். பத்திக்கறதுக்கு முன்னால இப்படித்தான் வாடை வரும். கீழ வேலை செஞ்சவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான்." முக்காலியில் உட்கார்ந்தார். சின்ன ஃபேன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "பெரிய ஃபேன் ஓடினப்போ மலையே குளுந்து கிடக்கும். கரி சூடாக சூடாக அந்தச் சூட்டைக் காத்து வாரிக்கிட்டுப் போயிடும். இதுக்கு அந்த வலு ஏது? இது வாராது. அடுப்புல ஊதற மாதிரி ஊதித்தான் விடும். ஒண்ணு அவ்வளவு காத்து வேணும், இல்ல காத்தே கூடாது. எனக்குத் தெரியாததா இது? எனக்குத் தெரியாததாம்மா?"

அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஃபேன் ஒன்று ஓடுகிற சத்தம் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பழகின காது. அந்தக் காது மூக்கை மறைத்துவிட்டது.

"நிறுத்திடுங்க மாமா."

"நீ நிறுத்தேன்."

"நீங்கதான் நிறுத்தணும்."

அவர் எழுந்து ஒயரைப் பிடுங்கினார். இறக்கைகள் கொஞ்ச நேரம் சும்மா சுற்றின, பிறகு நின்றன. அந்தப் பொட்டல் வெயிலில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

இரும்புக் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு அவர் கேட்டார். "இத்தோட விட்டுட முடியாதா? களிமண் கொழச்சு நானே அடைச்சுடறேன். யாருக்கும் தெரிய வேணாம். எனக்காக இல்ல, அவளுக்காகக் கேட்கறேன்."

ஒரு நிமிஷம் அவளுக்கும் சபலம் தட்டியது. இல்லை என்று சொன்னால் பொய். சொல்லாமல் விட்டால் வீடு நிற்கும், அத்தைக்குக் கண் இருக்கும், மாமாவின் மானமும் நிற்கும். ஆனால் உள்ளே சூடு இருக்கிறது. பக்கத்து வீட்டில் தையல்காரர் பிள்ளைகள் மாடிப்படிக்கு அடியில்தான் ஒளிந்து விளையாடுவார்கள்.

"காத்து நின்னாலும் சூடு உடனே இறங்காது, மாமா. இறங்கறவரைக்கும் வாயு வந்துக்கிட்டேதான் இருக்கும். நாம ரெண்டு பேரும் களிமண் கொழச்சு அடைக்கிற வேலை இல்ல இது."

அவர் தலையை ஆட்டினார். "சரி. சார்கிட்ட நீ சொல்லிடு. வீட்டுல நான் சொல்லிக்கறேன்."

சொல்லிக்கறேன் என்றவர் சொல்லி முடிக்கப் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ரொட்டிக்கடை மூடினதில் ஆரம்பித்தார். தகர டின் எங்கே கிடைத்தது என்று சொன்னார். ஃபேனுக்கு எண்ணெய் போடுகிற முறையைச் சொன்னார். மாமியார் துணி மடித்தபடி, குரல் வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டாள். மென்று முழுங்கி ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்.

"என்னாலதான் இவ்வளவும். வீட்டைக் காலி பண்ற மாதிரி ஆயிடும் போல."

மாமியார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப சீட்டு?"

"சீட்டெல்லாம் இல்ல."

"நாலு பேரு?"

"யாரும் இல்ல."

"நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? இந்த மனுஷனுக்கு இந்த வயசுல நாலு சிநேகிதம் கிடைச்சிருக்குன்னு தையல்காரர் சம்சாரத்துக்கிட்டகூடப் பெருமையா சொன்னேன். அங்க போய் ஒத்தையில உட்கார்ந்துக்கிட்டு மலைக்கு விசிறி விட்டிருக்கீங்க."

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும்!" அவள் குரல் உடைந்தது. "ஊருக்கே காத்து போட்டீங்க. ஒரு நாள் வந்து பக்கத்துல உட்கார்ந்து, எனக்குப் பயமா இருக்குடின்னு சொல்லியிருக்கீங்களா? கண்ணு போனதுக்கு அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? நீங்க பேசறதுதானே. அதைக்கூட அளந்து அளந்து குடுக்கறீங்க."

அவர் பதிலுக்குக் கையை விரித்தார். மருமகள் அவர் தோளைத் தட்டினாள். "வாயால சொல்லுங்க, மாமா" என்றாள் மெல்ல. அவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மாமியார் எழுந்து, நிலைப்படி முடிச்சைத் தொட்டு, உள்ளே போய்விட்டாள்.

சூப்பர்வைசர் ஃபேன்காரரை வரவழைத்து மூன்று தடவை திட்டினார். மூன்றாவது தடவை திட்டும்போது அவருக்கே மனசு கேட்கவில்லை, டீ வரவழைத்துக் கொடுத்தார். வேலை பார்த்த காலத்திலிருந்து அவரிடமே தங்கியிருந்த கதவுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். லாரியில் களிமண் வந்து சாய்வுச் சுரங்கத்தின் வாயில் சுவர்கணக்காக இறங்கியது. அதற்குள் கடைசி வீட்டு மாடிப்படிக்கு அடியில் எண் பத்தைத் தொட்டுவிட்டது. பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வீட்டு மருமகள்தான். யாரும் வந்து சொல்லக் காத்திருக்காமல் தானே போய்ப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

கரி மறுபடி குளிர்ந்து வாயுவைப் பிடித்துக்கொள்ளக் கோடை போய், மழை போய், அதற்கு அப்புறமும் ஆகலாம் என்றார்கள். ஆகாமலும் போகலாம் என்றும் சொன்னார்கள். தையல்காரர் குடும்பமும் கூடவே கிளம்பியது. அவர் ஃபேன்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல் மிஷினை வண்டியில் ஏற்ற வந்த ஃபேன்காரரிடம் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் கொடுத்தார், அவ்வளவுதான்.

குடியிருப்பில் அவர்களுக்கு இரண்டாம் மாடி. சுத்தமான வீடு, வழவழப்பான தரை. அந்த வழவழப்புதான் வினையாகிவிட்டது. எந்த ஓடும் உடையவில்லை, எந்தக் குழாயும் சொட்டவில்லை, எந்தச் சுவரும் இன்னொரு சுவரிலிருந்து வித்தியாசப்படவில்லை. முதல் நாளே மாமியார் அலமாரியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அடுப்பைத் தேடிப் போனவள் குளியலறையில் நின்றுகொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். மூன்றாம் நாளிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சாப்பாட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிட்டாள். கேலியும் இல்லை, கிண்டலும் இல்லை. மருமகளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஃபேன்காரர் சும்மா இருப்பாரா? கயிறு வாங்கிவந்தார். கட்டில் காலிலிருந்து அடுப்படிக்கு ஒன்று, அடுப்படியிலிருந்து குளியலறைக்கு ஒன்று என்று ஆணி அடித்து இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மாமியார். வீடு மாறினபிறகு அவரிடம் அவள் பேசின முதல் பேச்சு.

"கயிறு. பிடிச்சுக்கிட்டு நடக்கலாம்."

"நான் என்ன கொடியில காயற துணியா? அவுத்துப் போடுங்க."

"அப்ப எப்படி நடப்ப?"

"நீங்க போய் அடுப்புக்கிட்ட நில்லுங்க. நின்னுக்கிட்டுப் பேசுங்க."

"என்ன பேசறது?"

"எது வேணும்னாலும். நீங்க இருக்கிற இடம் தெரிஞ்சா போதும், மத்தது எங்க இருக்குன்னு நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

அவர் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பில் நுழைத்த காலோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க... இங்கதான் நிக்கிறேன்" என்றார் அவர்.

"ம். அப்புறம்?"

"வலது பக்கம் ஜன்னல். வெளிய ரோடு. ஒரு லாரி போகுது. பச்சை கலரு."

மாமியார் கட்டிலிலிருந்து இறங்கினாள். கையை முன்னால் நீட்டாமல், தலையைச் சாய்த்து, அந்தக் குரலை நோக்கி ஒவ்வொரு அடியாக வைத்தாள். நடுவில் அவர் பேச்சை நிறுத்தினால் அவளும் நின்றாள். அவள் நிற்கிறதைப் பார்த்து அவர் அவசர அவசரமாக இன்னொரு லாரியைப் பிடித்தார். வந்து அவர் நெஞ்சிலேயே இடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுப்பை மறைக்கிறீங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃபேன்காரர் பேச்சு ஓயவில்லை. முதல் சில நாள் ரோட்டில் போகிற வண்டிகளைச் சொன்னார். வண்டி அலுத்தபோது சுரங்கத்தைச் சொன்னார். கீழே முதல்முதலாக இறங்கின அன்று பாதியிலேயே திரும்பிவிடப் பார்த்ததை, ஃபேனின் பட்டைகளில் ஒன்று அறுந்தபோது மற்றதும் போய்விடுமோ என்று ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே நின்றதை, விசையை இறக்கின அன்று கூட்டம் கைதட்டினபோது ஓடிப்போய் மறுபடி போட்டுவிடலாமா என்று தோன்றினதை, அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்த சமயத்தில் கொல்லையில் போய் நின்று அழுததை. எல்லாவற்றையும் அடுப்புப் பக்கம், ஜன்னல் பக்கம், கட்டில் பக்கம் என்று நின்று நின்று சொன்னார். குரல் கட்டிக்கொண்டது. மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுத்து மறுபடி பேசவைத்தாள்.

மழை பிடித்துக்கொண்ட நாளொன்றில் மீட்டர்காரி படியேறி வந்துகொண்டிருந்தாள். தெருமுனைக் குழாயின் அடியில் சூடு முதல்முறையாக இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இறங்க ஆரம்பித்தது இறங்கும், அடுத்த கோடைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் மூன்று தடவை சொல்லியிருந்தார். சொல்ல வேண்டும் என்கிற அவசரத்தில் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தவள், கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே மாமனார் கரகரத்த குரலில் எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். கூடவே வெங்காயம் நறுக்குகிற சத்தம், பாத்திரத்தை அடுப்பில் வைக்கிற சத்தம், வேகமாகக் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற காலடி.

"போதும், உட்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு" என்றாள் மாமியார். "எனக்கு இந்த வீடு வழி தெரிஞ்சுபோச்சு. நாலு நாளாச்சு தெரிஞ்சு."

உள்ளே அவர் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்ப நான் இனிமே பேச வேண்டாமா?" என்றார் அவர். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"வழி தெரிஞ்சா என்ன?" என்றாள் மாமியார். "பேசுங்க."

அவர் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். செய்தியைச் சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று, மருமகள் கழுத்துப் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள்.